பாரி ஜிபி: 29,331 கோடியைப் பிரிச்சு மேஞ்ச இலவச கணக்கு மென்பொருள், ரெண்டு வருஷ அனுபவம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டே இருந்தேன், பரீட்சை லீவு விட்டதுல இப்பதான் கை ஒழிஞ்சுது. பாரி ஜிபின்னு ஒரு மென்பொருள் இருக்குங்க, முழு எண்களை வச்சு வேலை பாக்குறதுக்குன்னே செஞ்சது, காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, லாகின் கேக்காது, மெயில் ஐடி கேக்காது. நான் கும்பகோணத்துல வீட்டுலயே கணக்கு ட்யூஷன் எடுக்குறேன், ஆறாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் பசங்க வர்றாங்க. ரெண்டு வருஷமா இதைத்தான் லேப்டாப்ல வச்சிருக்கேன், இப்ப இது இல்லாம பகா எண் பாடமே நடத்துறதில்லைன்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சு.

முதல்ல பேரைப் பத்தி சொல்லிடுறேன். பிரான்ஸ் நாட்டுல போர்தோ ஊர்ல 1985ல ஆன்ரி கோஹெனும் அவர் கூட வேலை பாத்தவங்களும் ஆரம்பிச்சது இது. மொதல்ல பாஸ்கல்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதுறதா இருந்தாங்களாம், அதனால பாஸ்கல் அரித்மெடிக்ங்கிறதைச் சுருக்கி பாரின்னு வச்சிருக்காங்க. பிரெஞ்சுல பாரின்னா பந்தயம், பாஸ்கல்னு ஒரு கணித மேதை கடவுள் இருக்காரா இல்லையான்னு கட்டின பந்தயம் ரொம்ப பிரபலம், அதையும் சேர்த்துதான் அந்தப் பேர். ஜிபி பழைய பேரான கிரேட் ப்ரோக்ராமபிள் கால்குலேட்டர்லேருந்து வந்தது. ஆனா நம்ம காதுக்குப் பாரின்னு கேட்டா முல்லைக்குத் தேர் குடுத்தவர்தான ஞாபகம் வர்றாரு, இதுவும் கேட்டவங்களுக்கெல்லாம் இலவசமா குடுக்குறதால எனக்கு அந்தப் பேர் ரொம்பப் பொருத்தமாவே படுது. இப்ப கரீம் பெலாபாஸ்னு ஒரு பேராசிரியர் போர்தோவுலேருந்து இதைப் பார்த்துக்குறாரு.

இதுக்கு முன்னாடி நான் பட்ட பாட்டைச் சொன்னாதான் இதோட அருமை புரியும். ஃபோன்ல ஒரு கால்குலேட்டர் ஆப் வச்சிருந்தேன், பேர் வேணாம், ரெண்டு கணக்குக்கு ஒரு விளம்பரம் வரும், சரி போகட்டும்னா பெரிய நம்பர் குடுத்ததும் நடுவுல புள்ளி வச்சு பத்தோட அடுக்குல எழுதிடும். 2^67, அதாவது 2ஓட 67ஆவது அடுக்கு, போட்டுட்டு அதுலேருந்து 1 கழிச்சா ரெண்டுக்கும் ஒரே விடைதான் காட்டும், பசங்க முன்னாடி இதைப் போட்டுக் காட்டுறப்ப எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டா 15 இலக்கம் வரைக்கும் சரியா இருக்கும், அதுக்கப்புறம் எல்லாம் பூஜ்யமா நிரப்பி வைக்கும், 147573952589676000000ன்னு. நிஜமான விடை 147573952589676412927. அந்தக் கடைசி ஆறு இலக்கத்துலதான விஷயமே இருக்கு, ஒரு எண் பகா எண்ணா இல்லையான்னு பாக்குறப்ப கடைசி இலக்கம் ஒன்னு மாறினாலும் கதையே வேற. பாரி ஜிபி முழு எண்ணை முழு எண்ணாவே வச்சுக்கும், எத்தனை இலக்கம் இருந்தாலும் ஒன்னுகூட விடாது, நான் இதை விரும்புறதுக்கு முதல் காரணமே இதுதான்.

விண்டோஸ்க்கு அவங்க தளத்துலயே இன்ஸ்டாலர் இருக்கு, உபுண்டு மாதிரி லினக்ஸ்ல ஒரே வரி கட்டளையில இறங்கிடும், ஆண்ட்ராய்டுக்கு பாரிட்ராய்டுன்னு தனியா இருக்கு, எதுவுமே வேணாம்னா பிரவுசர்லயே ஓடுற மாதிரியும் வச்சிருக்காங்க. திறந்தா பட்டன் மெனு ஒன்னும் இருக்காது, வெறும் விண்டோ, அதுல ஒரு கேள்விக்குறி நம்மளைப் பார்த்துக்கிட்டு நிக்கும். அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்துல நாம டைப் பண்ணணும், என்டர் தட்டினா சதவீதக் குறி போட்டு வரிசை எண்ணோட விடை வரும். அடுத்த வரியில வெறும் சதவீதக் குறி போட்டா முந்தின விடைன்னு எடுத்துக்கும். ரெண்டு ஹாஷ் குறி போட்டா கடைசிக் கணக்குக்கு எவ்வளவு நேரமாச்சுன்னு சொல்லும். அவ்வளவுதான் மொத்தமும், பட்டன் தேடிப் பழகினவங்களுக்கு ரெண்டு நாள் கொஞ்சம் வெறுமையா இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் பத்தாவது பசங்களுக்கு அடிப்படை எண்ணியல் தேற்றம் நடத்திட்டு இருந்தேன், எந்த பகு எண்ணையும் பகா எண்களோட பெருக்கலா ஒரே ஒரு விதத்துலதான் எழுத முடியும்ங்கிறது. வகுத்திகளோட எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கிறதையும் கூடவே சொல்லிக் குடுத்தேன், அடுக்குகள் ஒவ்வொன்னோடயும் ஒன்னு கூட்டி பெருக்கிட்டா போதும்னு. அப்ப ஒரு பையன் கேட்டான், "மிஸ், அப்ப ரொம்ப நிறைய வகுத்தி இருக்கிற நம்பர் எது மிஸ்?" பெரிசாப் போகப் போக வந்துட்டே இருக்கும்டா, ஆனா அதுவரைக்கும் வந்த எல்லாத்தையும் முந்துற நம்பர்னு பார்க்கலாம்னு சொன்னேன். 12க்கு 6 வகுத்தி, அதுக்குக் கீழ எதுக்குமே 6 கிடையாது. 24க்கு 8, 36க்கு 9, 48க்கு 10, 60க்கு 12. இந்த மாதிரி சாதனை முறியடிக்கிற நம்பர்களுக்குத்தான் ஹைலி காம்போசிட் நம்பர்னு ராமானுஜன் பேர் வச்சாரு.

லேப்டாப்பை எடுத்து ஒரே வரியில எழுதினேன், 1லேருந்து பத்து லட்சம் வரைக்கும் ஒவ்வொன்னோட வகுத்தியையும் எண்ணு, முந்தின சாதனையைத் தாண்டினா மட்டும் எழுதிக்காட்டுன்னு. நம்டிவ்னு ஒரு கட்டளை இருக்கு, அதுதான் வகுத்திகளை எண்ணும். சில செகண்டுல 38 நம்பர் வந்து நின்னுச்சு, கடைசி 720720, அதுக்கு 240 வகுத்தி. பத்து லட்சத்துல வெறும் 38 தான்னு பசங்களுக்கு ஆச்சரியம். அதே பையன், "கோடிக்கணக்குல போனா மிஸ்?"ன்னான்.

அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஒன்னொன்னா எண்ணிக்கிட்டே போற முறையில கோடி வரைக்கும் போகலாம், ஆனா லட்சம் கோடின்னு போனா நாள் கணக்கா லேப்டாப் ஓடிக்கிட்டே இருக்கும், மென்பொருள் எவ்வளவு வேகமா இருந்தாலும் வழி சரியில்லைன்னா வேலைக்காகாது. ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டு உட்கார்ந்து ராமானுஜன் கண்டுபிடிச்ச விதியைத்தான் எடுத்தேன். இந்த மாதிரி நம்பரைப் பகாக் காரணிகளாப் பிரிச்சா 2, 3, 5, 7ன்னு நடுவுல எதையும் விடாம வரிசையாத்தான் வரும், 2ஓட அடுக்கு 3ஓட அடுக்கை விடக் குறையாது, 3ஓடது 5ஓடதை விடக் குறையாது, இப்படி இறங்கிக்கிட்டே வந்து கடைசி பகா எண்ணோட அடுக்கு 1ஆ இருக்கும், இதுக்கு விலக்கு 4, 36 ரெண்டு மட்டும்தான். இந்த விதியைப் போட்டு வடிகட்டினா லட்சம் கோடிக்கணக்கான நம்பர்கள்ல பார்க்க வேண்டியது சில ஆயிரங்கள்ல அடங்கிடும்! பத்து வரியில ப்ரோக்ராம் எழுதி ஓட விட்டேன், தண்ணி குடிக்கப் போய்ட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சு நின்னுச்சு. 6746328388800 வரைக்கும், 1ஐ விட்டுட்டு 2லேருந்து எண்ணினா 103 நம்பர்.

எதுக்கு அந்த இடத்துல நிறுத்தினேன்னா, ராமானுஜன் 1915ல லண்டன் மேத்தமேட்டிக்கல் சொசைட்டி இதழ்ல வெளியிட்ட கட்டுரையில இருக்கிற பட்டியல் அந்த நம்பரோடதான் முடியுது. அவர் பட்டியல்ல இருக்கிறது 102. கம்ப்யூட்டரும் இல்ல, கால்குலேட்டரும் இல்ல, 1914 மார்ச்ல சென்னையிலேருந்து கப்பல் ஏறிப் போனவரு, போன அடுத்த வருஷமே இந்தக் கட்டுரை, இதை வச்சுத்தான் 1916ல கேம்பிரிட்ஜ்ல பட்டமும் வாங்கினாரு. சொசைட்டிக்கு அப்ப பணத்தட்டுப்பாடுங்கிறதால கட்டுரையோட ஒரு பகுதியை அச்சடிக்காமலே விட்டுட்டாங்க, அந்த மிச்சம் 1997லதான் வெளியில வந்துச்சு, 82 வருஷம் கழிச்சு. 103ல 102ஐக் கையால பிடிச்சவருக்கு நழுவினது ஒன்னே ஒன்னு.

அந்த ஒன்னு 293318625600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூத்து முப்பத்தோரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தஞ்சாயிரத்து அறுநூறு. இது விட்டுப்போனது கணக்கு ஆளுங்களுக்கு ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம்தான், நான் ஒன்னும் புதுசாக் கண்டுபிடிக்கல, ஆனா சாரங்கபாணி சன்னதித் தெருவுல அவர் வளர்ந்த வீட்டை வாரத்துக்கு ரெண்டு தடவை தாண்டிப் போறவ நான், என் லேப்டாப் ஸ்க்ரீன்ல அந்த நம்பர் தானா வந்து நின்னப்ப கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பசங்ககிட்ட சொன்னேன். "ராமானுஜனே விட்டுட்டாரா மிஸ்?"ன்னு கேட்டவன் குரல்ல கேலி இல்ல, பயம் மாதிரி இருந்துச்சு. சரி வாடா பார்ப்போம்னு லேப்டாப்பை அவன்கிட்டயே குடுத்தேன். ஃபேக்டர்னு டைப் பண்ணி அடைப்புக்குறிக்குள்ள அந்தப் பன்னெண்டு இலக்கத்தையும் ஒன்னொன்னா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிச்சான். என்டர் தட்டினதும் எட்டு வரி வந்துச்சு, ரெண்டு பத்தியா. இடது பக்கம் 2, 3, 5, 7, 11, 13, 17, 19, வலது பக்கம் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. ஹாஷ் ரெண்டு போட்டுப் பார்த்தா 0 மில்லி செகண்டுன்னு சொல்லுச்சு, அளக்குற அளவுக்குக் கூட நேரமாகல. வலது பக்கத்தைப் பாருங்க, 6, 4, 2, 2, 1, 1, 1, 1ன்னு படிக்கட்டு மாதிரி இறங்கிட்டு வருது, ராமானுஜன் சொன்ன விதி அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. போர்டுல ஃபேக்டர் ட்ரீ போட்டுக் கிளை கிளையா இறங்கினா பாதி போர்டு போயிருக்கும், இங்க எட்டே வரி.

அடுக்குகளோட ஒன்னு கூட்டிப் பெருக்கச் சொன்னேன். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. நோட்டுல போட்டு 5040ன்னு சொன்னாங்க, நம்டிவ் போட்டும் அதேதான். அப்ப பின் வரிசையில உட்கார்ந்திருந்த பொண்ணு ஒன்னு, "மிஸ், 5040 நேத்து லிஸ்ட்ல இருந்துச்சே"ன்னா. ஆமா, இருந்துச்சு! 5040ம் ஒரு சாதனை நம்பர்தான், அதுக்கு எத்தனை வகுத்தின்னு கேட்டா 60. 60ம் லிஸ்ட்ல இருக்கு, அதுக்கு 12. 12ம் இருக்கு, அதுக்கு 6. 6க்கு 4. 4க்கு 3. நம்டிவ் போட்டு உள்ள சதவீதக் குறி, திரும்ப நம்டிவ் சதவீதக் குறின்னு தட்டிக்கிட்டே இருந்தோம், 293318625600, 5040, 60, 12, 6, 4 வரைக்கும் எல்லாமே ராமானுஜன் வகை நம்பர்தான், 3ல வந்துதான் சங்கிலி அறுந்துச்சு. பசங்க கை தட்டிட்டாங்க. ட்யூஷன்ல கணக்குக்குக் கை தட்டி நான் பார்த்ததில்ல.

இன்னொன்னு எனக்கே அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. கோர்னு ஒரு கட்டளை இருக்கு, ஒரு நம்பர்லேருந்து வர்க்கப் பகுதியை எல்லாம் உரிச்சு எடுத்துட்டு மிச்சத்தைக் காட்டும். காற்புள்ளி போட்டு 1னு கூடவே குடுத்தா உரிச்ச பகுதியோட வர்க்கமூலத்தையும் சேர்த்துக் குடுக்கும். போட்டேன், 46189, 2520ன்னு வந்துச்சு. அதாவது இந்த 29,331 கோடிச் சொச்சம்ங்கிறது 2520ஓட வர்க்கத்தை 46189ஆல பெருக்கினது. 2520ன்னா சும்மாவா, 1லேருந்து 10 வரைக்கும் எல்லாத்தாலயும் மீதியில்லாம வகுபடுற மிகச்சிறிய எண் அதுதான். 46189 என்னன்னா 11, 13, 17, 19 நாலையும் பெருக்கினது. இவ்வளவு ஒழுங்கா ஒரு நம்பரைப் பிரிச்சு வச்ச மாதிரி இருக்கு, வெறும் காரணிப் பட்டியலைப் பார்த்துட்டுப் போயிருந்தா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

1லேருந்து வரிசையா வகுத்துக்கிட்டே வந்தோம். 20 வரைக்கும் மீதி 0. 21, 22 ரெண்டுக்கும் 0. 23ல முதல் தடவையா மாட்டுச்சு. அங்கதான் அந்தப் பையன் லிஸ்டைத் திரும்பப் பார்க்கணும்னான். இந்த நம்பருக்கு முன்னாடி இருக்கிறது 240940299600, பின்னாடி இருக்கிறது 321253732800, ரெண்டையும் ஃபேக்டர் போட்டுப் பார்த்தோம். ரெண்டுலயும் 23 இருக்கு! ரெண்டுலயும் 7 ஒரே ஒரு தடவைதான் வருது. நடுவுல இது மட்டும் 23ஐ விட்டுட்டு அதுக்குப் பதிலா இன்னொரு 7ஐ வச்சிக்கிட்டு நிக்குது. முன்னாடி இருக்கிறதுக்கு 4800 வகுத்தி, இதுக்கு 5040, பின்னாடி இருக்கிறதுக்கு 5376, அதனால சாதனைதான், சந்தேகமே இல்ல. பக்கத்து வீடுங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற தெருவுல நடுவுல ஒரு வீடு வேற மாதிரி இருந்தா கணக்கெடுக்க வர்றவரு தாண்டிப் போயிட மாட்டாரான்னு பையன் கேட்டான். ராமானுஜன் கையிலேருந்து ஏன் நழுவுச்சுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும், ஆனா அந்தக் கேள்வியைக் கேட்க வச்சதே பெரிய விஷயம்னு நினைக்கிறேன்.

வேற எந்தெந்த வகையில சேரும்னும் பார்த்தோம். இலக்கங்களைக் கூட்டினா 45, அதுக்கும் ஒரு கட்டளை இருக்கு, சம்டிஜிட்ஸ். 45ஆல இந்த நம்பர் மீதியில்லாம வகுபடும், அதனால இது ஹர்ஷத் எண், நாசிக் பக்கம் தேவ்லாலியில பள்ளிக்கூட வாத்தியாரா இருந்த கப்ரேக்கர் வச்ச பேர் அது, மகிழ்ச்சி தர்றதுன்னு அர்த்தம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், பள்ளிக்கூட வாத்தியாரா இருந்துக்கிட்டே எண்களோட வாழ்ந்தவரு. அப்புறம் வகுத்திகளைக் கூட்டிப் பார்த்தோம், சிக்மான்னு கட்டளை. 6க்கு 1, 2, 3 கூட்டினா 6ஏ வரும், அது பெர்ஃபெக்ட் நம்பர், இதுக்குத் தன்னை விட்டுட்டு மத்த வகுத்திகளைக் கூட்டினாலே 1348924389120 வருது, தன்னை மாதிரி நாலரை மடங்குக்கும் மேல. இப்படித் தன்னை விடக் கூடுதலா வந்தா அது மிகை எண், இது மிகை எண்லயே ரொம்ப மிகையான எண்.

பிராக்டிகல் நம்பர்னு ஒரு வகை இருக்கு, 1948ல ஏ. கே. சீனிவாசன் கரண்ட் சயின்ஸ் இதழ்ல எழுதினது. மளிகைக் கடைச் சில்லறை மாதிரி யோசிச்சா சுலபமாப் புரியும். ஒரு எண்ணோட வகுத்திகள் ஒவ்வொன்னும் ஒரு நோட்டுன்னு வச்சுக்கோங்க, ஒவ்வொரு நோட்டும் ஒன்னே ஒன்னுதான் இருக்கு, அதை வச்சு அந்த எண்ணுக்குக் கீழ உள்ள எந்தத் தொகையையும் சில்லறை பாக்கி இல்லாம குடுக்க முடிஞ்சா அது பிராக்டிகல் நம்பர். 12க்கு 1, 2, 3, 4, 6 நோட்டு, 11 ரூபா குடுக்கணும்னா 6, 4, 1. நம்ம 29,331 கோடிக்காரரும் இதுல சேர்ந்தவர்தான், கையில 5040 நோட்டு இருக்கே, பாக்கியே வராது. இதுக்குன்னு தனிக் கட்டளை நான் பார்க்கல, காரணிகளை வச்சு நாமளே நாலு வரி எழுதிச் சோதிக்கணும்.

நம்பர் இன்னும் பெரிசானா என்ன பண்ணுதுன்னு கேப்பீங்க. மேல சொன்ன 2^67ல 1 குறைஞ்சதுக்கே ஒரு வரலாறு இருக்கு. 1644ல மெர்சென்ங்கிற பிரெஞ்சுப் பாதிரியார் அது பகா எண்ணுன்னு எழுதி வச்சுட்டாரு, 1876ல லூக்காஸ் அது பகா எண் இல்லைன்னு காட்டிட்டாரு ஆனா காரணி என்னன்னு கிடைக்கல, 1903ல அமெரிக்காவுல கோல்னு ஒருத்தர் மேடையேறி வாயே திறக்காம 193707721ஐயும் 761838257287ஐயும் போர்டுல பெருக்கிக் காட்டிட்டு உட்கார்ந்தாருன்னு சொல்வாங்க, கண்டுபிடிக்க மூணு வருஷ ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னாராம். பாரி ஜிபியில ஃபேக்டர் போட்டு என்டர் தட்டின விரலை எடுக்குறதுக்குள்ள அந்த ரெண்டு நம்பரும் வந்துடுச்சு. அதைப் பார்த்து மென்பொருளைப் புகழத் தோணல, கோலை நினைச்சுத்தான் மனசு என்னமோ பண்ணுச்சு.

பகா எண்ணான்னு பாக்குறதுல இது ரெண்டு கட்டளை வச்சிருக்கு, அதை நான் ரொம்ப மதிக்கிறேன். ஒன்னு வேகமாச் சோதிச்சு கிட்டத்தட்ட நிச்சயம்னு சொல்லும், அந்தச் சோதனையை ஏமாத்துற நம்பர் ஒன்னைக்கூட இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்ல. இன்னொன்னு முறையா நிரூபிச்சுட்டுத்தான் ஆமான்னு சொல்லும். ஏன் ரெண்டுன்னு பசங்களுக்குக் காட்ட நான் 1729ஐத்தான் எடுத்துக்குவேன். ஒரு எண் பகா எண்ணா இருந்தா 2ஐ அதைவிட ஒன்னு குறைஞ்ச அடுக்குக்கு உயர்த்தி அதால வகுத்தா மீதி 1 வரணும், ஃபெர்மா சொன்னது, 2 மட்டும் இதுல சேராது. 1729ஐப் போட்டா மீதி 1 வருது! ஆனா 1729 பகா எண் கிடையாது, 7 × 13 × 19. டாக்ஸி நம்பர்னு எல்லாரும் கொண்டாடுற அதே 1729 இந்தச் சோதனைக்கு முன்னாடி பகா எண் வேஷம் போட்டு நிக்கும், கார்மைக்கேல் எண்ணுன்னு இதுக்குப் பேர். அதனாலதான் ஒரே ஒரு சோதனையை நம்பி இறங்கக் கூடாது, இந்த மென்பொருள் அதை மறைக்காம ரெண்டு கட்டளையாப் பிரிச்சே வச்சிருக்கு. 2^127ல 1 குறைஞ்சது, 39 இலக்கம், அதைக் குடுத்தா உடனே 1னு சொல்லும், 1னா ஆமான்னு அர்த்தம்.

எல்லை இல்லாம இல்ல. பகா எண்ணான்னு பாக்குறது சுலபம், காரணி பிரிக்கிறதுதான் கஷ்டம், அது கணக்கோட இயல்பு, மென்பொருளோட குறை கிடையாது. 2^128 கூட 1, அது 39 இலக்கம், 1970லதான் முதல் முதல்ல பிரிச்சாங்க, இதுல பிரிஞ்சுடுது. ஆனா ரெண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி நூறு இலக்கத்தைத் தாண்டின நம்பரைக் குடுத்துட்டு லேப்டாப்ல விடை வரும்னு உட்கார்ந்திருக்காதீங்க. 250 இலக்கத்துல ஆர்எஸ்ஏ 250ன்னு ஒன்னு 2020லதான் பிரிஞ்சுது, அதுக்குக் காடோ என்எஃப்எஸ்னு வேற மென்பொருள், எக்கச்சக்கமான கம்ப்யூட்டர்கள். நம்ம பேங்க் பாஸ்வேர்டு பத்திரமா இருக்கிறதுக்கு இந்தக் கஷ்டமும் ஒரு காரணம்ங்கிறதால இதை நான் பசங்களுக்குச் சந்தோஷமாவே சொல்றது.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். பெரிய பட்டியல் உருவாக்குனா ஸ்டாக் நிரம்பிடுச்சுன்னு மெசேஜ் வரலாம், பயப்படாதீங்க, அலோகேட்மெம்னு கட்டளை குடுத்தா இடத்தைக் கூட்டிக்கும். விடை ஆயிரக்கணக்கான இலக்கம் வர்ற கணக்குன்னா வரி கடைசியில அரைப்புள்ளி போட்டுடுங்க, விடையை உள்ளயே வச்சுக்கும், ஸ்க்ரீன்ல கொட்டாது. கட்டளை பேருக்கு முன்னாடி கேள்விக்குறி போட்டா அது என்ன பண்ணும்னு விளக்கமும் வரும், இங்கிலீஷ்லதான் இருக்கும், அது ஒன்னுதான் தமிழ் மீடியம் பசங்களுக்கு ஒரு தடை. எங்க ட்யூஷன்ல ஒரு நோட்டுல இருபது கட்டளையைத் தமிழ்ல எழுதி வச்சிருக்கோம், அதை வச்சே ஓட்டிடுறாங்க, ஆறாவது பிள்ளைங்க உட்பட.

வரைபடம், வடிவியல், கலர் கலரா அனிமேஷன் வேணும்னா இதைத் தேடி வராதீங்க, அதுக்கு வேற நல்லதெல்லாம் இருக்கு. எண்களை எண்களா நேசிக்கிறவங்களுக்கு, பகா எண், வகுத்தி, மீதி இதுலயே மணிக்கணக்கா உட்காரத் தெரிஞ்சவங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

அந்த 103 நம்பரையும் பசங்க ஒரு பெரிய சார்ட்ல எழுதி ட்யூஷன் ரூம் சுவத்துல ஒட்டியிருக்காங்க. ராமானுஜன் போட்ட 102ம் கறுப்பு ஸ்கெட்ச்ல. 240940299600க்கும் 321253732800க்கும் நடுவுல மட்டும் சிவப்புல, அந்தப் பையன் கையெழுத்துல, 293318625600. இப்ப அவன் பதினொன்னாவது போயிட்டான், போன வாரம் வந்து 6746328388800க்கு அப்புறம் என்ன மிஸ்னு கேட்டு லேப்டாப்பை வாங்கிட்டு உட்கார்ந்தான்.